சுழி வகையறா

எங்கள் வீட்டில் எதையும் பத்திரமாக வைக்க இடமில்லை, எல்லா இடத்திலும் பத்திரம் இருக்கிறது. இது என் மனைவியின் வாக்குமூலம். பீரோவைத் திறந்தால் பட்டுச்சேலைக்கு அடியில் கிரயப் பத்திரம். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் அடமானப் பத்திரம். ஒருநாள் அவசரத்துக்குக் குழம்புச் சட்டியை இறக்கி வைக்க ஏதோ ஒரு தாளை எடுத்துப் போட்டாள். அது யாரோ அண்ணன் தம்பிகள் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினை. சட்டியின் கரி வட்டம் கனகச்சிதமாகத் தம்பியின் பங்கு மேல் விழுந்துவிட்டது. அந்தத் தம்பி போய்ச் சேர்ந்து பல காலம் ஆகியிருக்கும் என்பதால் பிழைத்தோம்.

அருப்புக்கோட்டையில் இரும்புக்கடை வைத்து ஆணியும் தாழ்ப்பாளும் விற்றவன் நான். கடையை மகன் எடுத்துக்கொண்ட பிறகும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவனுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் ரொம்ப மரியாதையாக, "அப்பா, நீங்க ஏதாவது பொழுதுபோக்கு வச்சுக்கிடுங்களேன்" என்றான். காலையில் நடக்கப் போவேன், அல்லது கோயிலுக்குப் போவேன் என்று நினைத்திருப்பான். நான் சரித்திரத்தைப் பிடித்துக்கொண்டேன். பாவம், அதற்கு ஓட வழியில்லை.

தொடக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில். யாரோ வீட்டை இடித்துவிட்டுப் போட்ட மூட்டையில், ராஜா தலை போட்ட முத்திரைத்தாள் ஒன்று எட்டிப் பார்த்தது. ஆசைப்பட்டு எடுத்துவந்தேன். அதற்குப் பிறகு, அருப்புக்கோட்டையில் ஒரு கிறுக்கன் பழைய பத்திரம் சேர்க்கிறான் என்ற சேதி எப்படியோ பரவியது. குமாரலிங்கபுரம் பக்கம் பெரிய ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் சுற்றுவட்டாரத்தில் ஆளாளுக்குப் பரண் ஏறித் தங்கள் வீட்டுப் பத்திரங்களைத் தேட ஆரம்பித்தார்கள். தேவையானது போக மிச்சம் என்னிடம் வந்து சேர்ந்தது. கொஞ்ச காலத்தில் என் சேகரம் மூன்று கொத்துமல்லிச் சாக்கு ஆனது. சாக்கை அவிழ்த்தால் சரித்திர வாசனைக்கு முந்திக்கொண்டு மல்லி வாசனை வரும். ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும்போதே ரசம் ஞாபகம் வந்து எழுந்து போய்விடுவேன்.

ஆராய்ச்சிக் குறிப்புகளை நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவேன். முன்பக்கம் ராகு காலம், பின்பக்கம் என் கண்டுபிடிப்பு. இரண்டில் எதை நம்பலாம் என்பதில் என் மனைவிக்கு எந்தக் குழப்பமும் கிடையாது.

பழைய கையெழுத்தைப் படிப்பது சுலபமில்லை. அந்தக் காலத்து ஆட்கள் எழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விட மாட்டார்கள். ஒரு பத்திரத்தில் 'எடடுககலமகமபு' என்று இருந்தது. ஏதோ அழிந்துபோன ஊரின் பெயர் என்று முடிவுகட்டி எம்.ரெட்டியபட்டிக்குப் பஸ் ஏறிப் போய், ஷேர் ஆட்டோக்காரரிடம் விசாரித்தேன். அவரும் அசரவில்லை. "ஏறுங்கண்ணே, போற வழியில கேட்டுக்கிடுவோம்" என்றார். சுற்றாத காடு இல்லை. வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது 'எட்டுக் கலம் கம்பு'.

பத்திர ஆபீஸ் வாசலில் எழுத்தர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் நான் கேட்பதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் அது வெறும் தகவல். தானாகக் கண்டுபிடித்தால்தான் ஆராய்ச்சி. இந்தக் கொள்கை ஒரு கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்க்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கல்யாணம் என் சிநேகிதன் மகளுக்கு. சிநேகிதன் மல்லி, வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிறான். என் சாக்குகளெல்லாம் அவன் கொடுத்தவைதான். சின்ன வயதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பரீட்சையில் தோற்றவர்கள் நாங்கள். அவன் மகளுக்குத் திருச்சுழியில் மாப்பிள்ளை அமைந்தது. இரண்டு வீட்டுக்கும் குலசாமி வேறு வேறு என்று விசாரித்து, முறை சரிதான் என்று பார்த்து, பூ வைத்தாயிற்று. பெண்ணும் மாப்பிள்ளையும் போனைச் சார்ஜில் போட்டபடியே பேசுகிற கட்டத்துக்கு வந்திருந்தார்கள். சிநேகிதனுக்குக் குறை ஒன்றே ஒன்றுதான். அவனுடைய சம்பந்தி வாயைத் திறந்தால் வம்சப் பெருமை.

ஒருநாள் மஞ்சள் பையோடு வந்து நின்றான்.

"ஏலே, எங்க வீட்டுக்கு ஏதாச்சும் வரலாறு இருக்கான்னு பாரு."

"எல்லா வீட்டுக்கும் வரலாறு இருக்கும்லே."

"பொத்தாம்பொதுவா சொல்லாத. நல்ல வரலாறா வேணும். சம்பந்தி வாரப்பல்லாம் அவுக பாட்டன் குதிரையில போனாரு, பூட்டன் பல்லக்குல போனாருங்காரு. எங்க தாத்தா மாட்டுவண்டியில போனாருன்னு நான் எத்தன தடவதான் சொல்றது?"

"வண்டி அவரோடதா?"

"அதுவும் வாடகை."

மஞ்சள் பையில் அவன் வீட்டுப் பழைய பத்திரங்கள் இருந்தன. அன்று சாயங்காலம் விரித்து வைத்து உட்கார்ந்தேன். முதல் பத்திரத்திலேயே கண்ணில் பட்டது அந்தச் சுழி.

எழுத்தா கோலமா என்று சொல்ல முடியாத ஒரு வளைவு. பேனாவைக் கீழே ஊன்றி, மேலே ஏற்றி, சுழற்றி விட்டிருந்தார்கள். தலைப்பில் போடுகிற பிள்ளையார் சுழி எனக்குத் தெரியும். இது அது இல்லை. ஊர்ப் பெயர் வரவேண்டிய இடத்துக்கு முன்னால் ஒன்று, நிலத்துக்கு முன்னால் ஒன்று, ஆளுக்கு முன்னால் ஒன்று. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு குடும்பம் தன் அடையாளத்தைப் போட்டுக்கொண்டே போகிறது என்றால் அது சாதாரணக் குடும்பமா? வம்ச முத்திரை! அதிலும் சம்பந்தம் பண்ணப்போவது திருச்சுழியில். ஊர்ப் பெயரிலும் சுழி, முத்திரையிலும் சுழி. எனக்குப் புல்லரித்துவிட்டது. புல்லரித்தால் அது உண்மை என்று நம்புகிறவன் நான்.

ஒரு சின்னச் சந்தேகம் மட்டும் இருந்தது. சில இடங்களில் சுழியை ஒட்டி 'யார்' என்று இருந்தது. சுழி, அதன் பக்கத்தில் யார். எழுத்தர் எதற்குக் கேள்வி கேட்கிறார்? யோசித்து யோசித்து, 'இந்தச் சுழிக்கு ஈடு யார்?' என்று பெருமையாகக் கேட்கிறார் என்று முடிவுசெய்து, நாள்காட்டித் தாளில் எழுதிவைத்தேன்.

பிறகு என் மூன்று சாக்கையும் அவிழ்த்துக் கொட்டினேன். நம்ப மாட்டீர்கள், எந்தப் பத்திரத்தை எடுத்தாலும் சுழி! கரிசல் புஞ்சையில் சுழி, மனையடியில் சுழி, கிணற்றுப் பங்கில் சுழி. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் அந்த வம்சத்துக்குச் சம்பந்தமில்லாத நிலமே இல்லை போலிருந்தது. எங்கள் தெருவில் தையல்கடை வைத்திருக்கிற, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் தந்த பத்திரத்திலும் இருந்தது. அதற்கும் நான் மலைக்கவில்லை. 'ஒரு கிளை வேதத்துக்குப் போனது' என்று எழுதிக்கொண்டேன். பிற்காலத்தில் டைப் அடித்த பத்திரங்களில் மட்டும் சுழியைக் காணவில்லை. 'வம்சம் நொடித்துப்போனது' என்று எழுதி, அதற்காகக் கொஞ்சம் வருத்தப்படவும் செய்தேன்.

சிநேகிதனிடம் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தராசில் எடை கூட நின்றது மாதிரி ஒரு சந்தோஷம்.

"அப்ப எங்க தாத்தா எதுக்குலே வாடகை வண்டியில போனாரு?"

"எளிமை."

"அதான! பெரிய மனுசங்க அப்படித்தான் இருப்பாக."

அடுத்த வாரமே கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாளில், மேலே பிள்ளையாருக்குப் பக்கத்தில், எங்கள் சுழி வந்து உட்கார்ந்துவிட்டது. பிள்ளையாரை விடக் கொஞ்சம் பெரிதாக.

பத்திரிகையைப் பார்த்துச் சரிசொல்ல சம்பந்தி, தன் மனைவியோடு அருப்புக்கோட்டைக்கு வந்தார். சிநேகிதன் வீட்டில் பஜ்ஜியும் காப்பியுமாக உட்கார்ந்திருந்தோம். நானும் இருந்தேன், ஆராய்ச்சியாளர் என்ற முறையில். பெண் உள்வாசலில் நின்றிருந்தாள். சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரிகையைப் பார்த்தார்.

"இது என்ன படம்?"

சிநேகிதன் தொண்டையைச் செருமினான். "அது எங்க வம்சத்துச் சுழி சம்பந்தி. பெருசா வெளிய சொல்லிக்கிடறதில்ல."

நான் விளக்க ஆரம்பித்தேன். சம்பந்தி கேட்கவில்லை. புருவத்தைச் சுருக்கி அந்தச் சுழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு பத்திரத்தை எடுத்தார். எங்களிடம் பெருமையடிக்க எடுத்துவந்தது என்று நினைக்கிறேன்.

"இது எங்க பூட்டன் காலத்துக் கிரயம். இதுலயும் அதே மாதிரி இருக்கே அண்ணாச்சி."

வாங்கிப் பார்த்தேன். இருந்தது. ஒரே பக்கத்தில் வரிக்கு வரி. என் ஆராய்ச்சி வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

"ஆகா! உங்க ரெண்டு வீடும் ஒரே வம்சம்!"

யாரும் கைதட்டவில்லை. பஜ்ஜித் தட்டோடு வந்த சிநேகிதன் மனைவி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஒரே வம்சம்னா... அப்ப ரெண்டு பேரும் பங்காளியா?"

"ஆமா" என்றேன், இன்னும் நின்றுகொண்டே.

"அப்ப பொண்ணுக்கு மாப்பிள்ளை அண்ணன் முறைல்ல ஆகுது?"

நான் உட்கார்ந்தேன்.

சம்பந்தி மெதுவாக, "குலசாமி வேறல்ல?" என்றார். அவர் ஒரு வழி திறந்து கொடுத்தார். நான் அந்த வழியில் போயிருக்க வேண்டும். ஆனால் என் சாமர்த்தியம் என்னைச் சும்மா விடவில்லை. "பஞ்சத்துல பிரிஞ்சு போன கிளை, போன இடத்துச் சாமியைக் கும்பிட ஆரம்பிச்சிருக்கும். அது சகஜம்" என்றேன். என் மனைவி அங்கே இருந்திருந்தால் என் வாயில் ஒரு பஜ்ஜியைத் திணித்திருப்பாள்.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்தார் சம்பந்தி. பத்திரத்தை உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டார். உள்வாசலில் பெண்ணைக் காணவில்லை.

அவர்கள் பஸ் ஏறியதும் சிநேகிதன் என் பக்கம் திரும்பினான். "ஏலே, வரலாறு கேட்டா, எம் மருமகனை மகனாக்கிட்டியேலே!"

அடுத்த இரண்டு மூன்று நாள் நான் தெருப்பக்கம் தலைகாட்டவில்லை. கடைக்குப் போனால் மகன், "அப்பா, பொழுதுபோக்கு எப்படிப் போகுது?" என்று கேட்டான். அந்தக் குரலை எனக்குப் பிடிக்கவில்லை. திருச்சுழியிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. சிநேகிதன் போனை எடுக்கவில்லை.

பிறகு ஒரு காலையில் அவன் மகளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கண்ணைப் பார்த்தால் அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. ஆனால் நடையைப் பார்த்தால் சண்டைக்கு வந்தவள் மாதிரி இருந்தது.

"சித்தப்பா, உங்கட்ட இருக்கிற பத்திரத்துல சுழி இல்லாதது எத்தன?"

"கையால எழுதினதுலயா? ஒண்ணு ரெண்டு கிழிஞ்சது கிடக்கும்."

"அப்ப எல்லாத்துலயும் இருக்கு."

"ஆமாம்மா. அம்புட்டுச் சொத்து உங்க வம்சத்துக்கு."

"உங்க வீட்டுப் பத்திரத்துல?"

இதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. ஊர் பூராவும் பார்த்தவன் என் வீட்டுப் பத்திரத்தைப் பார்க்கவில்லை. எடுத்து வந்தேன். என் தாத்தா காலத்து மனைக் கிரயம். முதல் பக்கத்திலேயே, நல்ல கொழுத்த சுழி.

ஒரு நொடி, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. நானும் அந்த வம்சம்தான் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

என் மனைவி உள்ளே போனாள். அவள் அப்பா வீட்டிலிருந்து அவளுக்குப் பங்காக வந்த இடத்தின் பத்திரத்தோடு திரும்பி வந்தாள். அப்படி ஒன்று வீட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது. கேட்டால், "உங்க கண்ணுல பட்டா மல்லிச் சாக்குக்குள்ள போயிருமே" என்றாள். பிரித்து, ஒரு வரியில் விரலை வைத்தாள். சுழி.

"அப்ப நான் இத்தன வருசமும் அண்ணனுக்கா சோறு ஆக்கிப் போட்டேன்?"

"நீ கல்யாணத்துக்கு முன்னாடியே இதைக் காட்டியிருக்கணும்."

"காட்டியிருந்தா?"

"விசாரிச்சிருப்பேன்."

பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு போனை நீட்டினாள். "சித்தப்பா, நேத்து ராத்திரி அவுகளுக்கு மெசேஜ் அடிச்சிட்டிருந்தேன். நம்பர் வார பக்கத்தைத் தட்டினப்ப இது வந்துச்சு. பாருங்க."

பார்த்தேன். தமிழ் எழுத்துப் பலகையின் ஒரு மூலையில், மற்ற குறிகளுக்கு நடுவில், அதே சுழி: ௸.

"பாத்தியா! உங்க வம்சத்தோட புகழ் போன் கம்பெனி வரைக்கும் எட்டியிருக்கு!"

"சித்தப்பா! நான் தேடிப் பாத்துட்டேன். இது மேற்படி."

"மேற்படி யாரு?"

"யாரும் இல்ல. மேற்படி."

"சரிம்மா, அந்த மேற்படி எந்த ஊர்க்காரரு?"

"அது ஆளு இல்ல சித்தப்பா. மேற்படின்னா மேலே சொன்னது. ஒரே பேரையும் ஒரே ஊரையும் திரும்பத் திரும்ப எழுதக் கை வலிக்கும்னு, சுருக்கமா இந்தக் குறியைப் போட்டிருக்காக."

நான் சிநேகிதன் வீட்டுப் பத்திரத்தை எடுத்து, சுழி வந்த இடத்திலெல்லாம் மேற்படி என்று சொல்லிப் படித்தேன். மேற்படி ஊரில், மேற்படி புஞ்சையில், மேற்படியார்... அங்கே நின்றுவிட்டேன். மேற்படி, பக்கத்தில் யார். மேற்படியார்! எழுத்தர் கேள்வியே கேட்கவில்லை. நான்தான் அவ்வளவு நாளாக அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். டைப் அடித்த பத்திரங்களில் சுழி மறைந்த இடத்திலெல்லாம் மேற்படி, மேற்படி என்று முழுச் சொல்லாக நிற்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. மெஷினுக்குக் கை வலிக்காது.

வேதக்காரர் கிளை போயிற்று. அருப்புக்கோட்டை முதல் திருச்சுழி வரை பரந்திருந்த சாம்ராஜ்யம் போயிற்று. நானே உண்டாக்கிய ஒரு வம்சம் என் கண்முன்னாலேயே நிர்வம்சமானது. என் மனைவி மட்டும், "நல்லவேளை, அண்ணன் இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"அப்புறம் என்னம்மா, திருச்சுழிக்கு ஒரு போனைப் போட்டுச் சொல்லிர வேண்டியதுதான" என்றேன்.

பெண்ணின் முகம் மறுபடி சுருங்கியது. "அவுக சொல்லிப் பாத்துட்டாக சித்தப்பா. அவுகப்பா நம்ப மாட்டேங்காகளாம். போன்ல வாரதெல்லாம் உண்மையான்னு கேக்காகளாம். ஊர் பூரா சுழி வம்சம்னு சொல்லியாச்சாம். இப்ப சம்பந்தம் போனாலும் போகட்டும், சுழியை விட மாட்டேன்னு உக்காந்திருக்காகளாம். நீங்க நேர்ல வந்தாத்தான் ஆகும். சுழியைக் குடுத்ததே நீங்கதான."

நியாயம். அன்று மத்தியானமே சிநேகிதனும் நானும் திருச்சுழி பஸ்ஸில் ஏறினோம். வெயில் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வேலிக்கருவையும் வெடித்த கரிசலும் போய்க்கொண்டே இருந்தன. ஒரு வாரத்துக்கு முன்னால் இதெல்லாம் எங்கள் வம்சத்துச் சொத்து. பாதி வழியில் சிநேகிதன் சொன்னான்.

"ஏலே, அங்க போயி நீ ஆரம்பிக்காத. நான் ஆரம்பிக்கிறேன்."

"சரி."

"நடுவுலயும் பேசாத."

"சரி."

"முடிக்கவும் வேணாம்."

"அப்ப என்னை எதுக்குலே கூட்டிட்டுப் போற?"

"அவுக அடிக்க வந்தா முன்னால நிக்க ஆள் வேணும்ல."

சம்பந்தி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி நிமிர்ந்தால், நடுக்கூடத்துச் சுவரில் அது தொங்குகிறது. சுழியை ஜெராக்ஸ் எடுத்துப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். சந்தனப் பொட்டு, கதம்ப மாலை. மேற்படிக்கு மாலை. எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. சிநேகிதன் என் விலாவில் ஒரு குத்து விட்டான்.

சம்பந்தி எழுந்து வரவேற்றார். மாப்பிள்ளை சுவரோரம் நின்றிருந்தான், மெலிந்துபோய். அவனுடைய அம்மா அடுக்களை நிலையைப் பிடித்தபடி எங்களைப் பார்த்தாள். சிநேகிதன் ஆரம்பித்தான். "சம்பந்தி, அது வந்து, அந்தச் சுழி என்ன விசயம்னா..." அதோடு அவனுக்கு வார்த்தை தீர்ந்துவிட்டது.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க" என்றார் சம்பந்தி. "நீங்கதான படிச்சுக் கண்டுபிடிச்சீக."

நான் விளக்கவில்லை. என் விளக்கத்தின் மேல் எனக்கே நம்பிக்கை போயிருந்தது. "உங்க பூட்டன் பத்திரத்தை நீங்களே ஒரு தடவ சத்தமாப் படிங்க. சுழி வார எடத்துல மேற்படின்னு மட்டும் சொல்லுங்க. பொருந்தலன்னா நாங்க அடுத்த பஸ்ஸுல போயிருதோம்" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டி, கம்பீரமாக ஆரம்பித்தார். முதல் வரியில் ஊரும் பூட்டனின் பெயரும் முழுதாக வந்தன. அடுத்த வரி. "மேற்படி ஊரில்..." குரல் இன்னும் கம்பீரமாகத்தான் இருந்தது. "மேற்படியாருக்குப் பாத்தியப்பட்ட மேற்படி புஞ்சையில்..." ஒவ்வொரு மேற்படிக்கும் குரல் ஒரு படி இறங்கியது. "மேற்படி கிணற்றில் மேற்படியாருக்கு உள்ள பங்கும்..." அங்கே நிறுத்தினார். அடுக்களைப் பக்கம் அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கியது.

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றினார். சுவரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"அப்ப எங்க பாட்டன் குதிரை?"

"குதிரை இருக்கட்டும் சம்பந்தி. அதை யாரு கேட்டா" என்றான் சிநேகிதன் அவசரமாக. அவன் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. எத்தனையோ வருஷப் பழக்கத்தில் அவன் அவ்வளவு நல்லபடியாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"ஊருல சொல்லிட்டனே அண்ணாச்சி" என்றார் சம்பந்தி. இப்போது அவர் குரலில் சண்டை இல்லை. "கடைவீதியில, கோயில்ல, டீக்கடையில, எல்லா எடத்துலயும் சொல்லிட்டேன். இப்ப என்னன்னு போயிச் சொல்ல?"

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எனக்குத் தோன்றும் யோசனைகளின் தரம் தெரிந்தும் சொன்னேன். "எல்லார் வீட்டுப் பத்திரத்துலயும் இந்தச் சுழி இருக்குன்னு சொல்லிருங்க. ஊர் பூரா ஒரே வம்சம், யாரும் யாரைப் பாத்தும் சிரிக்க முடியாது."

"அப்ப ஊருல ஒரு பயலுக்கும் கல்யாணம் நடக்காதே" என்றார் அவர்.

அடுக்களை நிலையில் நின்ற அம்மா அதற்கு மேல் பொறுக்கவில்லை. கூடத்துக்கு நடுவில் வந்து நின்றாள். "இந்தா பாருங்க. அந்தக் கண்ணாடிப் படம் வேணுமா, நம்ம பய கல்யாணம் வேணுமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க. அவன் ஒழுங்காச் சோறு தின்னு எத்தன நாளாச்சு. ஊருல சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாக. கல்யாணத்தன்னைக்கு வந்து சாப்பாட்டுல கைய வச்சா எல்லாத்தையும் மறந்துருவாக."

சம்பந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். மாப்பிள்ளை ஓடிவந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். படத்தை இறக்கி, மாலையைக் கழற்றி, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாய்த்து வைத்தார்.

"முகூர்த்தத் தேதி அதேதான் சம்பந்தி. பத்திரிகையில மட்டும் அதை எடுத்துருங்க" என்றார். "பிள்ளையாரு தனியா இருக்கட்டும்."

சிநேகிதன் அந்த இடத்திலேயே அச்சகத்துக்குப் போன் போட்டான். அவசரத்தில் முதலில் வேறு யாருக்கோ போட்டுவிட்டு, அவர்களிடமும் சுழியை எடுக்கச் சொன்னான்.

சம்பந்தி என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, கல்யாணத்துக்கு அவசியம் வாங்க. முன்வரிசையில உக்காருங்க, நல்லாச் சாப்பிடுங்க. ஆனா ஒண்ணு. யாரு வந்து கேட்டாலும் உங்க கையில மைக்கை மட்டும் குடுக்க மாட்டேன்."

ஒத்துக்கொண்டேன். காப்பி வந்தது. நாங்கள் குடித்துக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை நைசாகக் கொல்லைப்பக்கம் நழுவினான். குரலை இறக்கித்தான் பேசினான். ஆனால் சந்தோஷத்தில் பேசுகிறவனுக்குத் தன் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிவதில்லை.

"ஒத்துக்கிட்டாக... ஆமா, படத்தை இறக்கியாச்சு... நான்தான் நாற்காலியப் பிடிச்சேன்... உங்கப்பாவா? உக்காந்து காப்பி குடிக்காக... ஆமா ஆமா, அந்த மேற்படியாரும்தான் வந்திருக்காக."

கூடத்தில் நாங்கள் மூன்று பேரும் எதுவும் காதில் விழாதது மாதிரி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் சிரித்தது சம்பந்திதான்.